தட்டெழுத்தின் வடிவும் திருகோணமலையில் ஆட்சித் தமிழும்

எழுத்தின் வடிவை எழுதுவோர் கருத்து மட்டுமன்றி எழுதுங் கருவியும் அமைக்கின்றது. திருகோணமலையிற் பிரெடரிக் கோட்டை வாயிலிலே காணப்படும் தமிழ்க் கல்வெட்டு உளியின் வன்மையைக் காட்டும். ஓலைச்சுவடியின் எழுத்துகளோ எழுத்தாணிக்கு இசைய வளைந்தவை. புள்ளியிட்டால் ஓலை துளைபடுமென அஞ்சி மெய்யெழுத்துகளைப் புள்ளியின்றியே எழுதினர். அவ்வாறே தட்டெழுத்துப் பொறியும் தனக்கென ஓர் எழுத்து வடிவைப் படைத்தது. அவ்வடிவின் வரலாறு இத்துறைமுக நகரின் ஆட்சிமொழி வரலாற்றோடும் தொடர்புடையதாகும்.

உரோமன் எழுத்துகளின் முனைகளிலே தடித்த குறுக்குப் பட்டைகளை அமைக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்திலே தோன்றியது. இலண்டன் அச்செழுத்து வார்ப்பாளரான வின்சென்ட் பிகின்ஸ் அதனை முதலில் வெளியிட்டோருள் ஒருவர். சுவரொட்டிகளும் விளம்பரங்களும் பெருகிய அக்காலத்திலே, தொலைவிலிருந்து கண்ணைக் கவரத்தக்க கனத்த எழுத்து வேண்டப்பட்டது. அவ்வெழுத்துக்கு ‘எகிப்தியன்’ என்னும் பெயரும் வழங்கிற்று. அமெரிக்கராகிய கிறிஸ்தோபர் சோல்ஸ் முதலியோர் 1868ஆம் ஆண்டிற் காப்புரிமை பெற்ற தட்டெழுத்துப் பொறியை ரெமிங்டன் நிறுவனத்தார் 1874ஆம் ஆண்டளவில் விற்பனைக்குக் கொணர்ந்தனர். பின்னர்ப் பட்டையெழுத்து அப்பொறிக்கே உரிய முகமாயிற்று.

அதற்குக் காரணம் அழகுணர்ச்சி மட்டுமன்று. ஒவ்வொரு விசையை அழுத்துந்தோறும் தாளைத் தாங்கும் வண்டி ஒரே அளவு தூரமே நகரும். ஓரங்குலத்துக்குப் பத்து எழுத்து, அல்லது பன்னிரண்டு எழுத்து என்பதே வழக்கமான அளவு. ஆகவே ஆங்கிலத்தின் ஒல்லியான ‘ஐ’ எழுத்தும் அகன்ற ‘எம்’ எழுத்தும் ஒரே இடத்துக்குள் அடங்குதல் வேண்டும். ஒல்லியான எழுத்துக்கு இருபுறமும் நீண்ட பட்டைகளை இணைத்து வெற்றிடத்தை நிரப்பினர். அகன்ற எழுத்தை நெருக்கி ஒடுக்கினர். மையூட்டிய நாடாவின் மீது வன்மையாக மோதும் எழுத்தில் மயிரிழை போன்ற கோடுகள் தெளிவாகப் பதியா. எனவே கோடுகளெல்லாம் ஏறக்குறைய ஒரே தடிப்பாயின. இவ்வமைப்பினால் எண்கள் நிரலாக ஒன்றன்கீழ் ஒன்று நிற்கும். கணக்குக்கும் பொருட்பட்டியலுக்கும் இதனினும் ஏற்றது பிறிதில்லை.

திருகோணமலை பிரித்தானியக் கடற்படையின் பெருந்தளங்களுள் ஒன்றாயிருந்தது. சீனன்குடாவின் எண்ணெய்க் குதங்களும் துறைமுகமும் 1942 ஏப்பிரல் 9ஆம் நாள் ஜப்பானிய விமானத் தாக்குதலுக்கு உள்ளாகும் அளவுக்கு முதன்மை பெற்றிருந்தன. கடற்படைத்தளத்திலும் அரசாங்க அதிபரின் கச்சேரியிலும் ஆட்சி நடந்தது ஆங்கிலத்திலேயாம். ஆங்கிலம் அறியாத குடிமகனுக்கு அந்தச் சீரான எழுத்து, பிறர் படித்துச் சொல்லவேண்டிய கட்டளையாகவே இருந்தது. 1957ஆம் ஆண்டிலே தளம் இலங்கையிடம் ஒப்படைக்கப்பட்டது. எனினும் தமிழ்க் குடிமகனின் மொழிக்குறை அதனால் நீங்கிற்றில்லை.

தமிழெழுத்து பொறிக்கு இசையாது என்று இதற்குக் காரணங் கூறுதல் பொருந்துமா? யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் 1886ஆம் ஆண்டிற் பிறந்து, சிங்கப்பூரிற் பணியாற்றிய இராமலிங்கம் முத்தையா இவ்வினாவுக்கு விடை கண்டார். தமிழிலே வழங்கும் எழுத்துகள் 247. பொறியின் விசைகளோ அவற்றுள் ஐந்தில் ஒரு பங்கையும் எட்டா. அவர் எழுத்துகளைக் கூறுகளாகப் பிரித்து, விசிறிக்கு நகராவிசையை வகுத்தார். அவ்விசையை அழுத்தினால் குறி பதியுமேயன்றி வண்டி நகராது. அடுத்து அழுத்தும் மெய் அதனோடு பொருந்தி ஓரெழுத்தாகும். இரண்டாம் உலகப் போருக்கு முன்னரே ஜேர்மனியின் சைடல் – நௌமான் நிறுவனத்தார் அவர் வகுத்தவாறு தமிழ்ப் பொறிகளைச் செய்தனர். ஒரே அளவு இடத்துக்குள் ணகரம் நெருங்குவதும் ரகரம் தனித்து நிற்பதுமாகிய குறைகள் இருந்தன. ஆயினும் தமிழ்க் கடிதம் பொறியில் உருவாயிற்று.

ஆகவே தடை பொறியில் இல்லை, சட்டத்திலேயே இருந்தது. 1956ஆம் ஆண்டின் சட்டம் சிங்களத்தை மட்டுமே ஆட்சிமொழியாக்கியது. 1958ஆம் ஆண்டின் தமிழ்மொழிச் சிறப்பேற்பாட்டுச் சட்டம் வடக்கு கிழக்கு மாகாணங்களிலே தமிழுக்கு ஓரளவு இடமளித்ததாயினும், அதற்கான ஒழுங்குவிதிகள் 1966ஆம் ஆண்டிலேயே நிறைவேறின. இடையே, 1961ஆம் ஆண்டில், திருகோணமலை உள்ளிட்ட நகரங்களின் கச்சேரிகள் முன்னே மக்கள் சத்தியாக்கிரகம் இருந்தனர். தமிழும் ஓர் ஆட்சிமொழி என்னும் அரசியலமைப்புத் திருத்தம் 1987ஆம் ஆண்டிலேயே வந்தது. தம் மொழியில் எழுதிய விண்ணப்பத்துக்குத் தம் மொழியிலே விடை பெறுதல் எத்துணை அடிப்படையான உரிமை என்பதை இக்காலக் கணக்கே உணர்த்தும்.

பட்டையெழுத்து இன்றும் அழியவில்லை. ஐ.பி.எம். நிறுவனத்துக்காக ஹவார்ட் கெட்லர் 1955ஆம் ஆண்டளவில் வரைந்த ‘கூரியர்’ எழுத்தின் கணினி வடிவை அமெரிக்க வெளியுறவுத் திணைக்களம் 2004ஆம் ஆண்டு வரை தன் ஆவணங்களிற் கையாண்டது. ஆங்கிலத் திரைக்கதைகளும் கணினி நிரல்களும் சமவகல எழுத்துகளை இன்றும் விரும்புகின்றன. கணினியிலே ணகரம் தன் அகலத்தை மீளப் பெற்றுள்ளது. யூனிகோட் முறையில் மெய் முன்னும் குறி பின்னுமாக இயல்பான வரிசை நிலைத்துள்ளது.

ஓலை மறுத்த புள்ளியைப் பொறி ஏற்றது. பொறி ஒடுக்கிய எழுத்தைக் கணினி விரித்தது. கருவியின் குறைகளை அறிவு ஒவ்வொன்றாக வென்றுள்ளது. அக்கருவியை யார் மொழிக்குப் பயன்படுத்துவது என்பதோ அறிவினால் மட்டும் அமைவதன்று, அது நீதியின்பாற்பட்டது. இதுவே திருகோணமலை வரலாறு கற்பிக்கும் பாடமாகும்.