பனியை விரட்டப் போய்...

1857 டிசம்பரில் பெங்களூரிலிருந்து சில மாட்டு வண்டிகள் தெற்கே கிளம்பின. வண்டிகளில் பெரிய கேமரா, ரசாயனப் புட்டிகள், மெழுகு ஏற்றிய காகிதங்கள். கூடவே கேப்டன் லின்னேயஸ் டிரைப், சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரர். ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, மதுரை, தஞ்சாவூர் என்று அடுத்த ஏப்ரல் வரை சுற்றினார். கோபுரங்கள் தொந்தரவு தரவில்லை. கல் ஆடாது, அசையாது. மரங்கள்தான் அவரைப் படுத்தின. காகித நெகடிவில் ஒளி பதிவதற்குள் காற்று வந்து இலைகளைக் கலைத்துவிடும். இன்னொரு வம்பு, அந்தக் காகிதத்துக்கு நீல ஒளிதான் நன்றாக உறைக்கும். வானம் வெள்ளைத் தாளாக வெளுக்கும், பச்சை இலை கரியாகக் கறுக்கும். டிரைப் கேமராவை வைத்துவிட்டுத் தூரிகையை எடுத்தார்.

நெகடிவின் மேலேயே சாயம் பூசினார். இல்லாத மேகம் வானத்தில் வந்தது, தொலைந்த இலைகள் மரத்துக்குத் திரும்பின. போட்டோஷாப் வருவதற்கு நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்நாட்டுப் படங்களில் நடந்த வேலை இது! அரசுக்கு அருமை தெரியவில்லை. 1859-ல் கவர்னராக வந்த சர் சார்லஸ் டிரெவெல்யன், இதெல்லாம் ஆடம்பரம் என்று கடையை மூடச் சொல்லிவிட்டார். மரத்தைக் கண் காண்கிறபடி பதிவு செய்ய இனி யாருக்கு அக்கறை என்றிருந்த வேளையில், பெர்லினில் ஒரு கண்ணாடித் தட்டு விசித்திரமாக நடந்துகொண்டது.

1873. ஹெர்மன் வோகல் என்ற ரசாயனப் பேராசிரியர், இங்கிலாந்திலிருந்து வந்த தட்டுகளை வானவில் ஒளியில் சோதித்துக்கொண்டிருந்தார். நீலம் பதிய வேண்டிய தட்டில் பச்சை தூக்கலாகப் பதிந்திருந்தது. துருவிப் பார்த்தால், கண்ணாடிக்குள் ஒளி பட்டுத் திரும்பிப் படத்தைக் கெடுக்காமலிருக்கத் தயாரிப்பாளர் கொஞ்சம் மஞ்சள் சாயம் கலந்திருந்தார். அந்தச் சாயம்தான் பச்சையை உறிஞ்சித் தட்டுக்கு ஊட்டியிருந்தது. வேறொன்றுக்காகப் போட்ட சாயம், இலைகளின் சாம்பல் நிறங்களை மீட்டுக் கொடுத்தது. ஆனால் மரத்துக்கும் கேமராவுக்கும் நடுவே மூடுபனி வந்து நின்றால்?

அதோடு மல்லுக்கு நின்றவர், கியூபாவில் பிறந்து இங்கிலாந்தில் டாக்டருக்குப் படித்த பீட்டர் ஹென்றி எமர்சன். நார்ஃபோக் சதுப்புநிலங்களில் படகில் அலைந்தவர். புகைப்படமும் கலைதான் என்று 1889-ல் தனிப் புத்தகமே எழுதினார். மறு ஆண்டே ஹர்ட்டர், டிரிஃபீல்ட் என்ற இரண்டு ரசாயனத் தொழிற்சாலைக்காரர்கள், படத்தின் சாயல் பேதங்களைக் கழுவும்போது இஷ்டத்துக்கு மாற்ற முடியாது என்று கணக்குப் போட்டுக் காட்டினார்கள். எமர்சன் மனம் உடைந்தார். கறுப்புக் கரை போட்ட இரங்கல் அறிக்கை மாதிரி ஒரு பிரசுரம் வெளியிட்டு, புகைப்படம் கலையல்ல என்று அறிவித்தார். வேடிக்கை என்னவென்றால், அவருடைய ஆகச் சிறந்த பனிப்படங்கள் அதற்குப் பிறகுதான் வந்தன. 1895-ல் வெளியான 'மார்ஷ் லீவ்ஸ்' தொகுப்பில் சாம்பலுக்குள் சாம்பலாக மொட்டை மரங்கள். அதுவே அவருடைய கடைசிப் படநூல்.

கலைஞர்கள் ரசித்த பனியை விஞ்ஞானிகளும் பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு அதன்மேல் ஆசை கிடையாது, விரட்டத்தான் ஆசை. தூரம் கூடக் கூட ஒரு பொருளின் கருமை எந்தக் கணக்கில் வெளுத்து மறைகிறது என்பதை 1924-ல் ஜெர்மானிய வானிலை அறிஞர் ஹரால்ட் கோஷ்மீடர் சூத்திரமாக எழுதினார். பின்னாளில் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஸ்ரீநிவாச நரசிம்மனும் ஸ்ரீ நாயரும் அந்தக் கணக்கைப் பின்னோக்கிப் போட்டுப் பார்த்தார்கள். பனி எவ்வளவு வெளுக்க வைத்தது என்று தெரிந்தால், அதைக் கழித்துவிடலாம் அல்லவா? முறை பலித்தது. ஆனால் ஒரே காட்சியை இரண்டு வேறு வானிலைகளில் எடுத்த படங்கள் அதற்குத் தேவைப்பட்டன. மன்ஹாட்டனின் ஒரே காட்சியை மணிக்கொரு தடவை பல மாதங்கள் எடுத்துச் சேகரித்தார்கள். கையில் ஒரே ஒரு படம் வைத்திருப்பவன் என்ன செய்வான்?

எளிய விடை 2009-ல் வந்தது. ஹாங்காங்கில் படித்துக்கொண்டிருந்த கைமிங் ஹே என்ற மாணவரும், அவருடைய வழிகாட்டிகள் ஜியான் சுன், ஷியாவூ டாங் இருவரும், செயற்கைக்கோள் படங்களைச் சுத்தம் செய்யும் பழைய உத்தி ஒன்றிலிருந்து பொறி எடுத்தார்கள். பனியில்லாத 5,000 படங்களை அலசினார்கள். வானத்தை விட்டுவிட்டால், அநேகமாக எந்தச் சின்னக் கட்டத்திலும் ஏதாவதொரு புள்ளி ஏதாவதொரு நிறத்தில் ஏறக்குறையக் கறுப்பாகவே இருந்தது. இலையின் நிழல், பட்டையின் வெடிப்பு, ஏதோ ஒன்று. பனி வந்தால் அந்தக் கறுப்பு வெளுக்கும். எவ்வளவு வெளுத்ததோ அவ்வளவு பனி. பனியின் கனத்திலிருந்து தூரமும் தெரிந்துவிடும். இவ்வளவு எளிய விஷயமா என்று தோன்றுகிற அந்தக் கட்டுரைக்கு அவ்வருடம் கணினிப் பார்வைக்கான சிவிபிஆர் மாநாட்டில் சிறந்த கட்டுரைப் பரிசு. ஓட்டை இல்லாமலில்லை. மரத்தடியில் வெள்ளை வேட்டிக்காரர் நின்றால், அவரையும் பனி என்று நினைத்துக்கொள்ளும். பனியைத் துடைக்கும் ஆய்வு வேகமெடுத்தது. அதைத் தலைகீழாகத் திருப்பியது ஒரு சின்னக் குமிழ்.

2015 ஜூனில் அடோபி நிறுவனம் தன் படத்திருத்த மென்பொருளான லைட்ரூமில் சேர்த்த 'டிஹேஸ்' ஸ்லைடர்தான் அது. (மாதச் சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் கொடுத்தார்கள், ஒரே தடவை காசு கொடுத்து வாங்கியவர்கள் வயிறெரிந்தார்கள்.) வலப்பக்கம் இழுத்தால் மூட்டம் விலகும், இடப்பக்கம் இழுத்தால் மூட்டம் ஏறும். விலக்குவதற்காகப் பிறந்த கருவியை, பனிப்பட ரசிகர்கள் இடப்பக்கமும் இழுக்கத் தொடங்கினார்கள்.

மார்கழியில் பண்ருட்டி பலாத் தோப்புகளிலும் நெய்வேலிப் பக்கத்து முந்திரிக் காடுகளிலும் எடுக்கப்படும் படங்களுக்குக் கைகொடுப்பதும் இதே குமிழ்தான். எடுக்கும்போதே ஒரு கண்டம் உண்டு. வெள்ளைப் பனியைக் கேமரா சாம்பல் என்று நினைத்துப் படத்தை இருட்டாக்கும். எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் ஏற்ற வேண்டும். பிறகு திருத்தத்தில், அடிமரத்தில் பிஞ்சு ஒட்டிய முன்வரிசைப் பலாவை மாஸ்க் போட்டு ஒதுக்கி, பின்வரிசைகளுக்கு மட்டும் ஸ்லைடரைக் கொஞ்சம் இடப்பக்கம் நகர்த்துவார்கள். முன்மரம் கறுப்பாக நிற்கும், அடுத்தது சாம்பல், மூன்றாவது வெறும் நிழல். மொத்தப் படத்துக்கும் சேர்த்து இழுத்தால் எல்லாம் ஒரே சீராக வெளுத்து, தூரமே தெரியாமல் போய்விடும்.

வெயில் ஏறிய பின் எடுத்த படத்தின்மேல் இந்த ஸ்லைடரால் போர்த்துகிற பனி எடுபடுவதில்லை. தரையில் விழுந்த நிழல்களே காட்டிக் கொடுத்துவிடும்.