திறந்த கதவும் விண்ணப்பதாரியும்
திறந்த மூல மென்பொருள் வரலாற்றில் மாணவர் நுழைவு பற்றிய ஒரு நோக்கு

கணினிக்கு இடப்படும் கட்டளைகள் மனிதர் வாசித்து விளங்கக்கூடிய வடிவில் எழுதப்பட்டிருக்கும்போது அவை மூலநிரல் எனப்படும். அம்மூலநிரலை எவரும் வாசிக்கவும் திருத்தவும் மீள வழங்கவும் உரிமையளித்து வெளியிடப்படும் மென்பொருளே திறந்த மூல மென்பொருள் என வழங்குகின்றது. இதனை ஆக்குவோர் ஒரே நிறுவனத்தின் ஊழியரல்லர்; ஒரே நாட்டவருமல்லர். ஒருவரையொருவர் நேரிற் கண்டிராத பலர் கூடி இயற்றும் ஆக்கமாக அது அமைகின்றது. இக்கூட்டத்தினுள் முன்பின் அறியப்படாத ஒரு மாணவர் எவ்வாறு நுழைகின்றார்? அவரை ஏற்பவர் யார்? எதனைக் கொண்டு ஏற்கின்றனர்? இவ்வினாக்களை வரலாற்று நிலையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இத்துறையின் கதவு எல்லோருக்கும் திறந்திருக்கின்றது என்பது அடிக்கடி கூறப்படுவதொன்று. அக்கூற்றிற் பெருமளவு உண்மையுண்டு. எனினும், திறந்த கதவை நோக்கி யார் வந்தனர், யார் வரவில்லை என்பதையும் சேர்த்து நோக்கும்போதே அக்கூற்றின் முழுப்பொருளும் புலப்படும்.

தொடக்க நிலை

1970 களில் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வுகூடங்கள் சிலவற்றில் நிரல்களைத் தம்முட் பகிர்ந்துகொள்வது இயல்பான வழக்கமாக இருந்தது. மென்பொருள் தனியொரு விற்பனைப் பண்டமாக வளர்ச்சியுற்றபோது இவ்வழக்கம் அருகியது. மூலநிரல் மறைக்கப்பட்டு, இயங்கும் வடிவம் மட்டுமே விற்கப்படலாயிற்று. இம்மாற்றத்துக்கு எதிர்வினையாக, மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தைச் சேர்ந்த றிச்சட் ஸ்டோல்மன் 1983 செப்ரெம்பரில் குனூ என்னும் திட்டத்தை அறிவித்தார். 1985 இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும், 1989 இல் குனூ பொதுமக்கள் உரிமத்தின் முதற் பதிப்பும் தோன்றின. திருத்தி வழங்குவோர் தாம் பெற்ற அதே உரிமையைப் பிறருக்கும் அளித்தல் வேண்டும் என அவ்வுரிமம் விதித்தது. இதன்மூலம் பகிர்வு என்பது நல்லெண்ணத்தில் மட்டும் தங்கியிராது சட்ட வடிவமும் பெற்றது.

1991 ஓகஸ்டில், ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த இருபத்தொரு வயதினரான லினஸ் தோர்வால்ட்ஸ் தாம் எழுதிவந்த இயங்குதளக் கருவொன்றைப் பற்றி இணையவழி அறிவித்தார். லினக்ஸ் எனப் பின்னர் பெயர்பெற்ற அக்கரு 1992 இல் குனூ உரிமத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. அதற்குத் திருத்தங்களை அனுப்பியோரிற் பலர் மாணவர்கள். அக்காலத்தில் விண்ணப்பம் என்று ஒன்றிருக்கவில்லை. பிழையைக் கண்டவர் அதனைத் திருத்தி அனுப்பினார். திருத்தம் சரியாயின் அது சேர்த்துக்கொள்ளப்பட்டது. அனுப்பியவரின் பட்டம், பதவி, நாடு ஆகியன வினவப்படவில்லை. திருத்தமே விண்ணப்பமாகவும், அது சேர்க்கப்படுதலே தெரிவாகவும் இருந்த காலம் அது.

நுழைவு முறைமைப்படுத்தப்படல்

திட்டங்கள் விரிவடைந்தபோது இந்நிலை நீடிக்க முடியவில்லை. அமெரிக்காவின் பேர்டியூப் பல்கலைக்கழக மாணவரான இயன் மேர்டொக் 1993 இல் தொடக்கிய டெபியன் திட்டம் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். தொடக்கத்திற் சிலரைக் கொண்டு இயங்கிய இத்திட்டத்தில் சில ஆண்டுகளிலேயே நூற்றுக்கணக்கானோர் சேர்ந்தனர். அவர்கள் ஒவ்வொருவரும் பிறர் கணினிகளிற் சென்று இயங்கும் மென்பொருட் பொதிகளை நேரடியாக வெளியிடும் அதிகாரம் பெற்றிருந்தமையால், யாரை நம்புவது என்ற வினா எழுந்தது. 1999 இல் புதியவரைச் சேர்த்தல் நிறுத்திவைக்கப்பட்டு, 2000 ஆம் ஆண்டில் புதிய நடைமுறை கொண்டுவரப்பட்டது.

அந்நடைமுறையின்படி விண்ணப்பிப்பவரை ஏற்கெனவே உள்ள உறுப்பினர் ஒருவர் பரிந்துரைத்தல் வேண்டும். உறுப்பினர் ஒருவரை நேரிற் கண்டு அடையாள ஆவணத்தைக் காட்டித் தமது மின்னியற் கையொப்பத்தை உறுதிப்படுத்திக்கொள்ளல் வேண்டும். அதன்பின் திட்டத்தின் சமூக ஒப்பந்தம், கொள்கைகள் ஆகியன பற்றியும் தொழினுட்பத் திறன் பற்றியும் வினாக்களுக்கு விடையளித்தல் வேண்டும். பணமோ சம்பளமோ இல்லாத ஒரு தொண்டுக்கு இத்துணைக் கடுமையான நுழைவுமுறை ஏற்பட்டமை வியப்பளிக்கலாம். ஆயினும், காவலற்ற பொதுச்சொத்து நெடுங்காலம் நிலைப்பதில்லை என்பதை அத்திட்டத்தினர் உணர்ந்திருந்தனர் எனலாம்.

அப்பாச்சி அமைப்பு வேறொரு வழியைக் கைக்கொண்டது. 1995 இல் எண்மர் கொண்ட குழுவாகத் தொடங்கி 1999 இல் அறக்கட்டளையாகப் பதிவுசெய்யப்பட்ட இவ்வமைப்பில், ஒருவர் முதலில் வெளியிலிருந்து திருத்தங்களை அனுப்புகின்றார். அவரது பணி தொடர்ந்து தரமுடையதாகக் காணப்படின், உள்ளிருப்போர் வாக்களித்து மூலநிரலை நேரடியாக மாற்றும் உரிமையை அவருக்கு வழங்குகின்றனர். இங்கு மனுச் செய்து உரிமை கேட்கும் வழக்கமில்லை; செய்த பணியைக் கண்டு அழைக்கும் வழக்கமே உண்டு. இருமுறைகளும் தோற்றத்தில் வேறுபடினும், முன்னர் செய்த செயலே நுழைவுக்கு அடிப்படை என்பதில் ஒன்றுபடுகின்றன.

2005 இன் திருப்பம்

மாணவர் நுழைவு தெளிவான விண்ணப்ப வடிவம் பெற்றது 2005 இலாகும். அவ்வாண்டில் கூகிள் நிறுவனம் ‘சமர் ஒஃப் கோட்’ என்னும் கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தை ஆரம்பித்தது. மேலைநாட்டு மாணவர் கோடை விடுமுறையில் வேறு கூலிவேலைகளை நாடாது திறந்த மூலப் பணியில் ஈடுபட வழிசெய்வது அதன் நோக்கமாயிருந்தது. முதலாண்டிலேயே 8,000 இற்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. முதலில் 200 பேருக்கென எண்ணப்பட்டிருந்த இடங்கள் ஏறத்தாழ 400 ஆக உயர்த்தப்பட்டன. பணியை நிறைவுசெய்த மாணவருக்கு 4,500 அமெரிக்க டொலரும் அவருக்கு வழிகாட்டிய திட்டத்துக்கு 500 டொலரும் வழங்கப்பட்டன.

இதன் இயங்குமுறை கவனிக்கத்தக்கது. பங்குபற்றும் ஒவ்வொரு திட்டமும் தனக்குத் தேவையான வேலைகளின் பட்டியலை வெளியிடுகின்றது. மாணவர் அவற்றுள் ஒன்றைத் தெரிந்தோ தாமே ஒன்றைக் கருதியோ ஒரு முன்மொழிவை எழுதுகின்றார். பிரச்சினை யாது, அதனை எவ்வழியில் தீர்க்கக் கருதுகின்றார், எந்த வாரத்தில் எப்பகுதி முடிவுறும் என்பன அதில் இடம்பெறும். பல திட்டங்கள் இதற்கு முன்னரே சிறு திருத்தமொன்றையேனும் செய்து காட்டுமாறு கேட்கின்றன. தெரிவாகியவர் வழிகாட்டி ஒருவரின் மேற்பார்வையிற் பணியாற்றி, அவரது மதிப்பீட்டிற் தேறுதல் வேண்டும்.

இம்முறையில் புள்ளிகளும் பட்டச் சான்றும் முதன்மை பெறுவதில்லை. ஆனால் முன்மொழிவு எழுதுதல் என்பதும் ஒரு கலையே. பிறர் எழுதிய பல்லாயிரம் வரி நிரலை வாசித்து, அதில் தம்மாற் செய்யக்கூடியதை அளவறிந்து, அதனை ஆங்கிலத்தில் அறிமுகமில்லாதோர் நம்பும் வகையில் எடுத்துரைத்தல் வேண்டும். பல்கலைக்கழகப் பாடத்திட்டங்கள் பெரும்பாலும் கற்பிக்காத திறன் இது.

இலங்கை மாணவரின் பங்கு

இத்திட்டத்தின் வரலாற்றில் இலங்கைக்குத் தனியிடம் உண்டு. முதற் பத்தாண்டுக் காலத்தில் உலகின் பல்கலைக்கழகங்களுள் மிகக்கூடிய எண்ணிக்கையான மாணவரை இத்திட்டத்துக்கு அளித்தது மொறட்டுவைப் பல்கலைக்கழகமாகும். கோடைகாலம் என்பதே இல்லாத, கல்வியாண்டு மேலைநாட்டு விடுமுறையுடன் பொருந்தாத ஒரு நாட்டிலிருந்து இச்சாதனை நிகழ்ந்தமைக்குக் காரணம் யாது?

மாணவரின் திறமை மட்டுமே காரணமெனின், அதே திறமையுடையோர் ஏனைய பல்கலைக்கழகங்களிலும் இருந்தனர். எனவே காரணத்தை முன்னர் நிகழ்ந்தவற்றிலே தேடல் வேண்டும். அப்பாச்சித் திட்டங்களில் அனுபவம் பெற்றிருந்த சஞ்சீவ வீரவரண முதலியோரின் முயற்சியால் 2003 இல் லங்கா மென்பொருள் அறக்கட்டளை நிறுவப்பட்டது. இணையச் சேவைகளுக்கான அப்பாச்சி அக்சிஸ்2 என்னும் மென்பொருளின் ஆக்கத்தில் இலங்கை இளைஞர் பெரும்பங்கு கொண்டனர். 2004 டிசெம்பர் 26 ஆம் திகதி கடற்கோள் நாட்டின் கரையோரங்களை அழித்தபோது, காணாமற் போனோர், முகாம்கள், உதவி நிறுவனங்கள், தேவைப்படும் பொருள்கள் ஆகியவற்றைப் பதிவுசெய்து ஒருங்கிணைப்பதற்கெனச் ‘சஹன’ என்னும் மென்பொருளைத் தொண்டர்கள் குறுகிய காலத்தில் ஆக்கினர். நிவாரணம் எனச் சிங்களத்திற் பொருள்படும் இம்மென்பொருள் திறந்த மூலமாக வெளியிடப்பட்டமையால், 2005 இல் பாகிஸ்தானிலும் 2010 இல் ஹெயிட்டியிலும் நிலநடுக்கம் நேர்ந்தபோது அங்கும் பயன்பட்டது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006 ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதினை இதற்கு அளித்தது.

ஆகவே, 2005 இற்குப் பின் விண்ணப்பித்த மொறட்டுவை மாணவர் வெறுநிலத்தில் நிற்கவில்லை. இவ்வழியில் முன்சென்றோர் அவரது நாட்டிலேயே இருந்தனர். ஓராண்டிற் தெரிவானவர் அடுத்துவரும் ஆண்டுகளில் தம் பின்னோருக்கு வழிகாட்டியாக முடிந்தது. வழமையாகப் பரீட்சை வினாத்தாள்கள் ஒரு தொகுதி மாணவரிடமிருந்து அடுத்த தொகுதிக்குக் கைமாறுவதுபோல, விண்ணப்பிக்கும் அனுபவமும் அங்கு கைமாறியது எனலாம்.

வராதவர்கள்

இதன் மறுபக்கத்தை விளக்கும் நிகழ்ச்சியொன்று 2006 இல் இடம்பெற்றது. அவ்வாண்டில் க்னோம் திட்டத்துக்கு வந்த 181 விண்ணப்பங்களில் ஒன்றுகூடப் பெண்களிடமிருந்து வரவில்லை. எப்பெண்ணின் விண்ணப்பமும் நிராகரிக்கப்படவில்லை. விண்ணப்பிக்கவே எவரும் முன்வரவில்லை. இதனைக் கண்ட அத்திட்டத்தினர் பெண்களுக்கெனத் தனிக் கோடைத் திட்டமொன்றை அறிவித்தபோது நூறளவான விண்ணப்பங்கள் வந்தன. திறமையுடையோர் முன்னரும் இருந்தனர் என்பதும், தமக்கும் அங்கு இடமுண்டு என்பதை அவர்களுக்கு எவரும் சொல்லியிருக்கவில்லை என்பதும் இதனாற் தெளிவாகும். அம்முயற்சி 2010 இற் புத்துயிர் பெற்று, 2015 முதல் அவுட்ரீச்சி என்னும் பெயரில் இயங்கலாயிற்று.

அழைப்பு மட்டுமன்றிப் பாதையும் வேண்டும். லினக்ஸ் இணையவழி வளர்ச்சியுற்ற அதே 1990 களில், யாழ்ப்பாணக் குடாநாடு போரின் விளைவாகப் பல ஆண்டுகள் மின்சாரமும் தொலைபேசியும் இன்றி இருந்தது. அக்காலத்து மாணவருக்கு உலகத் திட்டங்களின் கதவு திறந்திருந்தது என்பது ஏட்டளவான உண்மையே. மின்னிணைப்பும் இணைய இணைப்பும் வந்தபின்னரும் மொழி ஒரு தடையாக நின்றது. ஃபயர்பொக்ஸ், க்னோம், கே.டி.ஈ. போன்றவற்றைத் தமிழாக்கியதன்வழி தமிழர் பலர் இவ்வுலகினுட் தொண்டர்களாக நுழைந்தனர். எனினும், மூலநிரல் பற்றிய விவாதங்களும் முன்மொழிவுகளும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே நிகழ்கின்றன.

திட்டத்தின் விதிகளும் காலத்துக்கேற்ப மாறியுள்ளன. 2017 முதல் உதவித்தொகை அந்தந்த நாட்டின் வாங்கும் ஆற்றலுக்கேற்ப வேறுபடுத்தப்பட்டது. 2022 இல் மாணவரல்லாத புதியவர்களுக்கும் இடமளிக்கப்பட்டதுடன், பணிநேரம் 175 அல்லது 350 மணித்தியாலங்களாகத் தெரியும் வசதியும் ஏற்பட்டது.

நம்பிக்கை என்னும் முதல்

இம்முறை முழுவதும் நம்பிக்கையிலே தங்கியிருப்பதனால், நம்பிக்கைத் துரோகமும் இதன் வரலாற்றில் இடம்பெறுகின்றது. மினசோட்டாப் பல்கலைக்கழக ஆய்வாளர் சிலர், குறைபாடுள்ள திருத்தங்களை லினக்ஸ் கருவின் பராமரிப்பாளர் கண்டுகொள்வரா என அறியும் பொருட்டு, அவர்கள் அறியாமலே அத்தகைய திருத்தங்களை அனுப்பினர். இதன் தொடர்ச்சியாக 2021 ஏப்ரலில் அப்பல்கலைக்கழகத்தின் பங்களிப்புகள் அனைத்தையும் ஏற்க மறுப்பதாக முதன்மைப் பராமரிப்பாளருள் ஒருவர் அறிவித்தார். ஆய்வாளர் மன்னிப்புக் கோரித் தம் ஆய்வுக் கட்டுரையை மீளப்பெற்றனர். சிலரின் செயலால் ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரே ஐயத்துக்குள்ளாகியது. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்.இசட். விவகாரம் இதனினும் பாரதூரமானது. புனைபெயரில் வந்த ஒருவர் ஈராண்டுக்கு மேலாக நல்ல திருத்தங்களைச் செய்து பராமரிப்பாளர் பொறுப்பைப் பெற்று, அதன்பின் மென்பொருளுள் இரகசிய வழியொன்றைப் புகுத்தியிருந்தார். செயலே அளவுகோல் என்ற கொள்கையின் வரம்பை இது காட்டிற்று.

இத்தகைய நிகழ்ச்சிகளால் புதியவர்மீது ஐயம் மிகுதல் இயல்பே. அவ்வையத்தின் சுமையை அதிகம் தாங்க நேர்பவர், பெயரறியப்பட்ட நிறுவனமோ அறிமுகமான நண்பரோ இல்லாத தொலைநாட்டு விண்ணப்பதாரியாவார்.

முடிவுரை

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்குமிடத்து, திறந்த மூல மென்பொருள் உலகம் மாணவர் நுழைவுக்குப் பிறப்பு, பட்டம், பதவி ஆகியவற்றை விடுத்துச் செயலை அளவுகோலாகக் கொண்டமை வரலாற்றில் ஒரு முன்னேற்றமே என்பது பெறப்படும். பல்கலைக்கழக அனுமதி என்பதே கசப்பான அரசியல் வினாவாக இருந்துவந்த இந்நாட்டில் அதன் பெறுமதியைக் கூறவேண்டியதில்லை. ஆயினும், முதற் செயலைச் செய்வதற்கே கருவியும் மொழியும் ஓய்வும் அறிந்தோர் துணையும் தேவைப்படுகின்றன. மொறட்டுவையின் வெற்றியும், 2006 இல் வராதிருந்த பெண் விண்ணப்பதாரிகளும் ஒரே உண்மையின் இரு சான்றுகள்.

எனவே, ஏனைய பல்கலைக்கழகங்கள் மேற்கொள்ளவேண்டிய பணி தெளிவானது. முன்மொழிவின் முதல் வரைவை வாசித்துக் குறைகூறக்கூடிய மூத்த மாணவர், பிறர் நிரலை வாசிக்கப் பழக்கும் ஒரு வாராந்த வகுப்பு, நிராகரிக்கப்பட்டவரை அடுத்த ஆண்டும் விண்ணப்பிக்கத் தூண்டும் விரிவுரையாளர் ஆகியோரும் ஆகியவையும் பெருஞ்செலவின்றியே அமையக்கூடியவை. இவை அமையுமிடத்து, வடக்கிலோ கிழக்கிலோ மலையகத்திலோ இருந்து வரும் மாணவரும் அக்கதவினூடு செல்வர். சென்றவர் தமக்குப் பின் வருவோருக்கு வழிகாட்டவும் கூடும்.