எஞ்சின் மூடியும் சித்திரை வெயிலும்

சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த கார்சிகாக்காரர் ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், தாமே வடிவமைத்து சிம்ப்சன் கம்பெனியில் செய்வித்த விமானத்தை 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறக்கவிட்டார். தமிழ்நாட்டில் தனியார் ஒருவர் தம் முயற்சியில் விமானம் கட்டிய கதை அங்கிருந்துதான் தொடங்குகிறது.

அன்றைய விமானங்களில் எஞ்சின் பெரும்பாலும் மூடியில்லாமல் காற்றில் நின்றது. அப்படி நின்றும் சூடு தணியவில்லை. 1909 ஜூலையில் ஆங்கிலக் கால்வாயைத் தாண்டிய பிளேரியோவின் 25 குதிரைத்திறன் அன்சானி எஞ்சினை, வழியில் பெய்த மழைதான் காப்பாற்றியது என்று சொல்வார்கள்.

எஞ்சினை மூடினால் வெந்துபோகும் என்ற அச்சத்தை 1928இல் அமெரிக்காவின் லாங்லி ஆய்வுக்கூடத்தில் பிரெட் வீக் குழு உடைத்தது. காற்று போகும் வழியைக் கணக்கிட்டு அமைத்த மூடியைப் போட்டதும், மணிக்கு 118 மைல் பறந்த கர்டிஸ் விமானம் 137 மைலை எட்டியது. எஞ்சினும் போதிய குளிர்ச்சி பெற்றது. வேகத்தைவிட இந்த இரண்டாவது முடிவுதான் பெரிது.

இன்று வீட்டுப் பட்டறையில் விமானம் கட்டுபவர்கள் இதைத்தான் திரும்பத் திரும்பக் கற்கிறார்கள். முன்பக்கம் உள்ள இரண்டு துளைகள் வழியாக நுழையும் காற்று சிலிண்டர்களுக்கு மேலே அழுத்தமாகச் சேர்கிறது. பிறகு சிலிண்டரைச் சுற்றியுள்ள துடுப்புகளின் இடுக்கில் இறங்கி அடிவழியே வெளியேறுகிறது. மேலே அழுத்தம் கூடுதலாகவும் கீழே குறைவாகவும் இருந்தால்தான் காற்று நகரும். சூடு ஏறினால் முன்துளையைப் பெரிதாக்கத் தோன்றுவது இயல்பு. ஆனால் பல நேரம் கோளாறு வெளிவாயிலில் இருக்கும். அல்லது காற்றைச் சிலிண்டர் பக்கம் திருப்பும் தடுப்புத் தகட்டின் விளிம்பில் ஒட்டிய சிலிக்கான் ரப்பர் பட்டையில் இருக்கும். பட்டை மூடியோடு ஒட்டி நிற்காத இடத்தில், காற்று சிலிண்டரைத் தொடாமலே நழுவிவிடும். மூடியைக் கழற்றி உட்புறத்தைப் பார்த்தால் பட்டை உரசிய கறுப்புக் கோடு தெரியும். கோடு அறுந்த இடமே ஒழுகும் இடம். வெளிவாயிலை அகலப்படுத்துவதும், அதன் விளிம்பைச் சற்றுக் கீழ்நோக்கி வளைத்து அங்கே அழுத்தத்தைக் குறைப்பதும் அதற்குப் பின் வரும் வேலைகள்.

இந்தியாவில் வீட்டுப் பட்டறை விமான வடிவமைப்பு அரசு ஆய்வுக்கூடத்துக்குள்ளும் வந்தது. பெங்களூரு தேசிய விண்வெளி ஆய்வகம், பர்ட் ரூட்டனின் லாங்-ஈஸி என்ற வீட்டுத் தயாரிப்பு விமானத்தை அடியொற்றிக் கட்டிய கலப்புப்பொருள் விமானம் 1987இல் பறந்தது. லாங்-ஈஸியில் எஞ்சின் பின்னால் இருப்பதால், குளிர்காற்றை வயிற்றுப்பக்கத்திலிருந்து எடுத்து மேல்நோக்கி அனுப்புவார்கள்.

அதே ஆய்வகத்தின் ஹன்சா என்ற சிறு விமானம் 1993 நவம்பரில் பறந்தது. ஹன்சா-3இல் ரோட்டாக்ஸ் 914 எஞ்சின் வந்தபோது கணக்கு மாறியது: சிலிண்டருக்குக் காற்று, அதன் தலைக்குத் திரவம். ஆக, மூடிக்குள் ரேடியேட்டருக்கும் காற்றைப் பங்கிட வேண்டியதாயிற்று. 2021 செப்டம்பரில் பறந்த புதிய தலைமுறை ஹன்சாவை, 2022 பிப்ரவரியில் கடல்மட்டச் சோதனைக்காகப் புதுச்சேரிக்குக் கொண்டுவந்தார்கள். சோதித்தவற்றில் எஞ்சின் செயல்பாடும் ஒன்று. பெங்களூரு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால், டர்போ இல்லாத இந்த விமானத்தின் எஞ்சின் அங்கே முழுத்திறனைத் தராது. சமவெளியில் திறன் கூடும், சூடும் கூடும்.

பெரம்பலூர், அரியலூர்ப் பகுதியின் நிலையும் இதுவே. சித்திரை வெயில் அங்கே 40 டிகிரியைத் தாண்டுவது புதிதல்ல. 15 டிகிரியில் உள்ளதைவிட அந்தச் சூட்டில் காற்றின் அடர்த்தி சுமார் 8 விழுக்காடு குறைவு. சிறு விமானங்களின் குளிரூட்டல் சோதனைக்கு அமெரிக்க, ஐரோப்பிய விதிகள் வைத்திருந்த குறைந்தபட்ச அளவோ கடல்மட்டத்தில் 38 டிகிரி. அந்த அளவோடு மட்டும் தேறிய மூடி, அரியலூர் மதியத்தில் முழுத்திறனில் மேலேறும்போது விமானிக்கு எந்தக் கூடுதல் இடமும் வைக்காது. நம் பக்கத்தில் விமானம் கட்டுபவர் வெளிவாயிலை 38 டிகிரிக்கு அல்ல, குறைந்தது 43 டிகிரிக்காவது கணக்கிட்டு வெட்ட வேண்டும்.