ஆற்காடு, வந்தவாசி பெயரைச் சுமந்த அயர்லாந்து படை: மதுரைக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்?

அயர்லாந்து தலைநகர் டப்ளினில் செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீன்னு ஒரு பெரிய பூங்கா இருக்கு. அதன் வாசலில் 1907-ல் கட்டிய கல் வளைவு ஒன்று நிற்கிறது. தென்னாப்பிரிக்கப் போரில் இறந்த 'ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ்' வீரர்களின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன.

பெயரில் டப்ளின் இருந்தாலும், இந்தப் படையின் ஒரு பாதி பிறந்தது சென்னை மாகாணத்தில். அது நடந்து போன பாதையில் மதுரையும் வருகிறது.

சென்னை மாகாணத்தில் பிறந்த படை

1748-ல் மேஜர் ஸ்ட்ரிங்கர் லாரன்ஸ், கிழக்கிந்திய கம்பெனியின் ஐரோப்பிய சிப்பாய்களை ஒரே படையாகத் திரட்டினார். பிறகு அது 'மெட்ராஸ் ஐரோப்பியன் ரெஜிமென்ட்', 'மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ்' எனப் பெயர் மாறியது. வேலையில்லாத அயர்லாந்து இளைஞர்கள் கம்பெனிப் படைகளில் ஏராளமாகச் சேர்ந்தார்கள்.

1857 கிளர்ச்சிக்குப் பிறகு ஆட்சி கம்பெனியிடமிருந்து பிரிட்டிஷ் அரசுக்குப் போனது. படையும் கூடவே போனது. 1881-ல் மெட்ராஸ், பம்பாய் படைகள் இரண்டையும் இணைத்து 'ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ்' உருவாக்கப்பட்டது.

பழைய போர்ப் பெருமைகளை அந்தப் படை விடவில்லை. அதன் பட்டியலில் இருந்த நம்ம ஊர்கள்:

• ஆற்காடு (1751)
• வந்தவாசி (1760)
• ஆம்பூர் (1767)
• சோளிங்கர் (1781)

சரி, மதுரை எங்கே வருது?

1755-ல் கர்னல் ஹெரான் தலைமையில் கம்பெனிப் படை மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் வந்தது. ஆற்காடு நவாபுக்காக வரி வசூலிப்பதுதான் வேலை. சென்னையின் ஐரோப்பிய சிப்பாய்களும் இந்திய சிப்பாய்களும் அதில் இருந்தார்கள்.

மதுரைக்குப் பக்கத்தில் கோயில்குடி என்ற இடத்தில் இருந்த கோயிலை அந்தப் படை சூறையாடியது. அது இன்றைய திருமோகூர் என்று வரலாற்று ஆசிரியர்கள் அடையாளம் காட்டுகிறார்கள். கோயில் சிலைகளை மூட்டை கட்டித் தூக்கிப் போனார்கள். பணம் கொடுத்தால் திருப்பித் தருவதாகப் பேரமும் நடந்தது.

அதே ஆண்டு மே மாதம் திரும்பிப் போகும் வழியில், நத்தம் கணவாயில் கள்ளர் நாட்டு மக்கள் படையை மறித்துத் தாக்கினார்கள். சிலைகளையும் மீட்டார்கள். சென்னை போய்ச் சேர்ந்த ஹெரான் மீது ராணுவ விசாரணை நடந்து, வேலையும் பறிபோனது.

இந்த நத்தம் சண்டை, படையின் பெருமைப் பட்டியலில் கிடையாது.

கல்லிப்போலியில் நடந்தது என்ன?

1914 ஆகஸ்டில் முதல் உலகப் போர் தொடங்கியபோது, டப்ளின் ஃபியூசிலியர்ஸின் முதல் பட்டாலியன் சென்னையில்தான் இருந்தது. அங்கிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறியது.

1915 ஏப்ரல் 25. துருக்கியின் கல்லிப்போலியில் 'வி பீச்' கடற்கரை. திறந்த படகுகளில் வந்த வீரர்கள் மீது கரையிலிருந்து துப்பாக்கிக் குண்டுகள் பாய்ந்தன. பலர் கரையைத் தொடவே இல்லை. மிஞ்சியவர்கள் போதாமல், மன்ஸ்டர் ஃபியூசிலியர்ஸ் என்ற இன்னொரு அயர்லாந்து படையோடு தற்காலிகமாகச் சேர்க்கப்பட்டார்கள். அந்தக் கலவைக்கு 'டப்ஸ்டர்ஸ்' என்று பெயரே வந்துவிட்டது.

சொந்த ஊரே மறந்தது ஏன்?

1916 ஏப்ரலில் டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிராக ஈஸ்டர் எழுச்சி வெடித்தது. அதை அடக்கிய ராணுவத்தில் டப்ளின் ஃபியூசிலியர்ஸும் இருந்தார்கள். தன் ஊர்க்காரர் மீதே துப்பாக்கியை நீட்ட வேண்டிய நிலை.

டாம் கெட்டில் என்ற கவிஞர் அயர்லாந்தின் தன்னாட்சிக்காகப் போராடிய முன்னாள் எம்.பி. இந்தப் படையில் அதிகாரியாகச் சேர்ந்து, 1916 செப்டம்பரில் பிரான்ஸில் உயிரிழந்தார்.

அயர்லாந்து தனி நாடானதும் 1922-ல் படை கலைக்கப்பட்டது. வீடு திரும்பியவர்கள் போர் பற்றிப் பேசவே தயங்கினார்கள். பூங்கா வாசல் வளைவுக்கு விடுதலை ஆதரவாளர்கள் வைத்த பெயர் 'துரோகிகளின் வாசல்'.

பல பத்தாண்டுகள் கழித்துத்தான் மனநிலை மாறியது. 1998 நவம்பர் 11-ல் பெல்ஜியத்தின் மெசின்ஸில் அயர்லாந்து வீரர்களுக்கான அமைதிப் பூங்காவை, அயர்லாந்து அதிபர் மேரி மெக்அலீஸும் பிரிட்டன் ராணி எலிசபெத்தும் சேர்ந்து திறந்தார்கள். ராணுவ வீரரை நினைப்பது வேறு, அவரை அனுப்பிய ஆட்சியை வாழ்த்துவது வேறு என்ற தெளிவு வர அவ்வளவு காலம் ஆனது.

நாம என்ன செஞ்சோம்?

இங்கே இந்தப் படையின் முகமாக நின்றது கர்னல் நீல் சிலை. 1857-ல் மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸோடு வடக்கே போய், அலகாபாத், கான்பூர் பகுதிகளில் கொடூரமான தண்டனைகள் கொடுத்தவர் அவர். அவருடைய சிலை சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றது.

1927-ல் அதை அகற்றக் கோரி சத்தியாகிரகம் நடந்தது. விருதுநகர் இளைஞர் காமராஜர், காந்தியிடம் அனுமதி வாங்கி அந்தப் போராட்டத்தில் இறங்கினார். 1937-ல் ராஜாஜி ஆட்சியில் சிலை எழும்பூர் மியூசியத்துக்குப் போனது.

நீல் சிலையை எடுத்தது நியாயம்தான். ஆனால் அதே பிரிட்டிஷ் கொடிக்குக் கீழே, மாதச் சம்பளத்துக்காகப் போன நம்ம ஊர் சிப்பாய்கள்?

வேலூர் மணிக்கூண்டில் ஒரு கல்வெட்டு இருக்கு. 1914-18 பெரும் போருக்கு இங்கிருந்து 277 பேர் போனார்கள், 14 பேர் உயிரைக் கொடுத்தார்கள் என்கிறது. டப்ளின் வளைவில் இறந்தவர்களின் பெயர்கள் இருக்கு. வேலூர் கல்லில் அந்த 14 பேர் வெறும் எண்ணிக்கைதான்.

உங்க தாத்தா, கொள்ளுத்தாத்தா யாராவது 'பட்டாளத்துக்குப் போனவர்' என்று வீட்டில் பேச்சு உண்டா? பழைய பெட்டியில் ஒரு பதக்கம் கிடக்கா? பிரிட்டிஷ் போர்ப் பதக்கங்களின் விளிம்பில் பொதுவாக வீரரின் பெயர், எண், படைப்பிரிவு மூன்றும் பொறிக்கப்பட்டிருக்கும். கல்வெட்டில் இல்லாத பெயர் அங்கே இருக்கலாம்.