கோப்ராவுக்கு ஐந்தாவது கியர்

போன மார்ச் மாதம் அந்த கியர்பாக்ஸை இரண்டாவது தடவையாக வெளியே எடுத்தோம். மிச்சிகனில் மார்ச் என்றால் கராஜ் தரை இன்னும் ஐஸ்கட்டி மாதிரிதான் இருக்கும். பக்கத்து வீட்டுக்காரருக்கு வயது எழுபத்தொன்று. கார்த் தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், இதயத்தில் பைபாஸ் ஆனவர், இடது முழங்காலும் சரியில்லை. எனக்கு நாற்பத்தாறு வயது, ஆனாலும் என்னை "கிட்" என்றுதான் கூப்பிடுவார். நான் சம்பளம் வாங்குவது ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ்களுக்கு மென்பொருள் எழுதி. நிஜமான ஒரு பல்சக்கரத்தைக் கையில் தூக்கிப் பார்த்ததே அவருடைய கராஜில்தான்.

அங்கே நின்றது ஒரு கோப்ரா. சரியாகச் சொன்னால் கோப்ராவின் நகல். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபாக்டரி ஃபைவ் என்ற கம்பெனியிடம் சட்டமும் ஃபைபர்கிளாஸ் உடலும் பெட்டி பெட்டியாக வாங்கி, வீட்டிலேயே பூட்டி எடுத்தது. "அப்போ இது டூப்ளிகேட் தானே?" என்று முதல் நாள் வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "ஒரிஜினல் எப்படிப் பண்ணாங்கன்னு படிச்சிட்டு வா, அப்புறம் பேசலாம்" என்றார். அப்படித்தான் இந்த வரலாற்றுக்குள் விழுந்தேன்.

கரோல் ஷெல்பி டெக்சாஸ்காரர். கோழிப்பண்ணை வைத்து நொடித்துப் போனவர். கார்ப் பந்தயத்துக்கு வந்து, 1959ல் ராய் சால்வடோரியுடன் சேர்ந்து ஆஸ்டன் மார்ட்டின் காரில் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தை ஜெயித்தார். ஆனால் இதயம் கெட்டுவிட்டது. 1960ல் நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரின் மாத்திரையை வைத்துக்கொண்டு பந்தயம் ஓட்டினார். அந்த வருடத்தோடு ஓட்டுவது முடிந்தது. இனி கார் செய்யலாம் என்று முடிவெடுத்தார். அதற்குக் கையில் காசும் இல்லை, தொழிற்சாலையும் இல்லை.

இங்கிலாந்தில் சர்ரே மாவட்டம் தேம்ஸ் டிட்டனில் ஏசி கார்ஸ் என்று ஒரு சிறிய கம்பெனி. அவர்கள் செய்த ஏஸ் என்ற இரட்டை இருக்கை ரோட்ஸ்டர் அழகான கார். அதற்கு வந்துகொண்டிருந்த பிரிஸ்டல் இஞ்சின் நிற்கப்போகிறது என்று தெரிந்ததும், 1961ல் ஷெல்பி அவர்களுக்குக் கடிதம் எழுதினார்: உங்கள் காரில் அமெரிக்க வி8 போடலாமா? அந்தப் பக்கம் ஃபோர்டிடம் போய், கொர்வெட்டைத் தோற்கடிக்க ஒரு கார் இருக்கிறது, இஞ்சின் கொடுங்கள் என்றார். இரண்டு பக்கமும் "இன்னொருவர் தயாராகத்தான் இருக்கிறார்" என்கிற தொனியிலேயே பேசியிருக்கிறார். நம் ஊர்க் கல்யாணத் தரகர் பாணிதான்.

1962 பிப்ரவரியில் முதல் சட்டம், சிஎஸ்எக்ஸ் 2000, இஞ்சினும் கியர்பாக்ஸும் இல்லாமல் லாஸ் ஏஞ்சலஸ் வந்து இறங்கியது. டீன் மூன் என்ற நண்பரின் பட்டறையில் வைத்து 260 கன அங்குல ஃபோர்டு வி8 இஞ்சினையும் போர்க்-வார்னர் டி-10 நாலு கியர் பெட்டியையும் இறக்கினார்கள். எட்டு மணி நேரத்துக்குள் வேலை முடிந்து, கார் தெருவில் ஓடியதாகச் சொல்வார்கள். பிறகு அந்த ஒரே காரைத் திரும்பத் திரும்ப வேறு வேறு வண்ணம் அடித்துப் பத்திரிகைக்காரர்களிடம் கொடுத்தார்கள், நிறைய கார்கள் இருப்பதுபோல ஒரு பாவனை. அதே கார் 2016ல் 1 கோடியே 37 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு ஏலம் போனது.

இதைப் படித்துவிட்டுப் போனபோது கிழவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். இங்கிலாந்து உடல், அமெரிக்க இஞ்சின், கடையில் கிடைத்த கியர்பாக்ஸ், இன்னொருவர் பட்டறை. ஒரிஜினலே ஒரு கிட் கார்தான்.

எல்லோரும் கோப்ராவின் இஞ்சினைப் பற்றியே பேசுவார்கள். எனக்குத் தோன்றுவது, அந்தக் காரின் கதையை கியர்பாக்ஸை வைத்துச் சொல்வதுதான் நியாயம். கியர்பாக்ஸ் என்பது இரண்டு பக்கமும் அடி வாங்கும் சாமான். இஞ்சின் முறுக்குகிறது, டயர் நகர மறுக்கிறது, நடுவில் நசுங்குவது அந்தப் பல்சக்கரங்கள்தான். 1965ல் 427 கன அங்குல இஞ்சினோடு கோப்ரா வந்தபோது, நாலு அங்குலக் குழாய்களால் புதுச் சட்டம் செய்தார்கள், பட்டை ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு காயில் ஸ்பிரிங் போட்டார்கள். கியர்பாக்ஸும் மாறியது. டி-10 போய் ஃபோர்டின் 'டாப் லோடர்' வந்தது. டி-10க்கு மூடி பக்கவாட்டில். இதற்கு மூடி மேலே. சக்கரங்களை மேலிருந்துதான் உள்ளே இறக்கவேண்டும். பக்கச் சுவர்கள் வெட்டுப்படாமல் முழு வார்ப்பிரும்பாக நிற்பதால் பெட்டி வளையாது.

இந்த 'வளைவது' முக்கியமான விஷயம். கியர் பல் உடைவதற்குப் பல் மட்டும் காரணமில்லை. முறுக்கம் ஏறும்போது பெட்டிக்குள் இருக்கும் இரண்டு தண்டுகளும் ஒன்றையொன்று தள்ளிக்கொள்கின்றன. பெட்டி மெலிந்ததாக இருந்தால் மயிரிழை விரிகிறது. முழுப் பல்லும் பதியவேண்டிய இடத்தில் நுனி மட்டும் பதிகிறது. அப்புறம் அது உடையத்தான் செய்யும்.

கிழவரின் காரில் முதலில் இருந்தது டி-5. ஃபாக்டரி ஃபைவ் 1995ல் தொடங்கியபோது அவர்களுடைய யோசனை எளிமையானது. 1987 முதல் 1993 வரையிலான ஃபோர்டு மஸ்டாங் ஒன்றைப் பழைய விலைக்கு வாங்கு, அதிலிருந்து இஞ்சின், கியர்பாக்ஸ், பின் அச்சு எல்லாவற்றையும் கழற்று, எங்கள் சட்டத்தில் மாட்டு. அப்படி வந்து சேர்ந்ததுதான் அந்த டி-5. 1980களின் தொடக்கத்தில் போர்க்-வார்னர் கொண்டுவந்த ஐந்து கியர் பெட்டி. அலுமினிய உடல், எடை 75 பவுண்டு சுமார். ஐந்தாவது கியர் எதற்கு என்றால், பெட்ரோலுக்கு. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு, 1975ல் அமெரிக்கா எரிபொருள் சிக்கனச் சட்டம் கொண்டுவந்தது. நெடுஞ்சாலையில் இஞ்சினை மெதுவாகச் சுற்றவிட ஓவர்டிரைவ் தேவைப்பட்டது. ஷெல்பியின் காலத்துக் கோப்ராவில் நாலாவது கியர் ஒன்றுக்கு ஒன்று. 3.55 பின் அச்சு, 26 அங்குல டயர் என்று கணக்குப் போட்டால் 70 மைல் வேகத்தில் இஞ்சின் நிமிடத்துக்கு 3,200 சுற்று அலறும். இரண்டு மணி நேரம் அப்படிப் போனால் காதுக்குள் வண்டு புகுந்ததுபோல இருக்கும் என்பார் கிழவர்.

மஸ்டாங்கின் டி-5 தாங்குவது சுமார் 300 பவுண்டு-அடி முறுக்கம். மஸ்டாங்கின் இஞ்சின் கொடுப்பதும் அவ்வளவுதான். கிழவர் சும்மா இருந்திருந்தால் பிரச்சினையே இல்லை. அவர் அந்த இஞ்சினைத் தூக்கிவிட்டு, 351 வின்ட்ஸர் ஒன்றை 408 கன அங்குலத்துக்கு விரித்துப் போட்டார். ஒரு கோடை மாலை, சிக்னலிலிருந்து கிளம்பி இரண்டிலிருந்து மூன்றாவதுக்குத் தள்ளும்போது 'டங்'கென்று ஒரு சத்தம். டோ வண்டியில் வீடு வந்து சேர்ந்தார். எண்ணெயை வடித்தபோது மூன்றாவது கியரின் பற்கள் நாலைந்து தட்டில் வந்து விழுந்தன. பல் ஆஸ்பத்திரிதான்.

அப்போது அவருடைய மகள் ஆட்டோமேட்டிக் போட்டுவிடச் சொன்னாள். முழங்காலுக்கும் நல்லது, இதயத்துக்கும் நல்லது. என்னையும் துணைக்கு அழைத்தாள், என் தொழிலே அதுதானே. நானும் சொல்லிப் பார்த்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்து, "கிட், இந்தக் கால் கிளட்ச்ச மிதிக்க முடியாத அன்னைக்கு வண்டிய வித்துருவேன். அதுவரைக்கும் மிதிக்கிறேன்" என்றார். அதற்கு மேல் என்ன பேச முடியும்?

வாங்கியது டிரெமெக் டிகேஓ 600. மெக்சிகோவின் கெரெத்தாரோ நகரில் 1964ல் தொடங்கிய கம்பெனி டிரெமெக். 1990களின் பிற்பாதியில் போர்க்-வார்னர் தன் கைக்கியர் தொழிலையே கைமாற்றியபோது, டி-5ஐயும் வாங்கிக்கொண்டது இவர்கள்தான். ஆக, முதல் கோப்ராவுக்கு டி-10 கொடுத்த வீட்டின் சொத்து மெக்சிகோவுக்குப் போய்ச் சேர்ந்தது. டிகேஓ 600 தாங்குவது 600 பவுண்டு-அடி, எடை நூறு பவுண்டு. ஐந்தாவது கியர் 0.64. அதே 70 மைலில் இஞ்சின் 2,050 சுற்றுதான்.

பெரிய பெட்டியைப் போட்டால் அதோடு எல்லாம் மாறும் என்பது எனக்கு அப்போது தெரியாது. டி-5இன் முன் தண்டில் 10 வரிப்பற்கள், இதில் 26. எனவே கிளட்ச் தட்டு புதிது. பின் தண்டில் அங்கே 28, இங்கே 31. எனவே பின் சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட்டின் முனையும் புதிது. இந்தக் காரில் அந்த ஷாஃப்ட் நம் முழங்கை நீளம்கூட இல்லை. அரை அங்குலம் தப்பாக வெட்டினால் ஒன்று கழன்று விழும், இல்லையென்றால் பெட்டியின் உள்ளே போய் இடிக்கும். அவருடைய முழங்காலுக்காக, கேபிளை எடுத்துவிட்டு ஹைட்ராலிக் கிளட்ச் வைத்தோம். சட்டத்தின் குறுக்குக் குழாய்கள் விடாததால் பெட்டியை அடியிலிருந்து ஏற்ற முடியவில்லை. இஞ்சினோடு பூட்டி, ஹாய்ஸ்டில் சாய்த்துத் தொங்கவிட்டு, ஒரு அங்குலம் ஒரு அங்குலமாக இறக்கினோம். ஷெல்பியின் ஆட்களுக்கு எட்டு மணி நேரம். எங்களுக்கு ஐந்து வார இறுதிகள்.

ஓட்டினால், மூன்றாவது விழவில்லை. மெதுவாகப் போனால் விழும். 5,000 சுற்றுக்கு மேல் தள்ளினால் கரகரவென்று உறுமிவிட்டு வெளியே துப்பும். நாலு பக்கமும் சிங்க்ரோமெஷ் இருக்கிற நவீனப் பெட்டி, நம் ஊர்ப் பழைய டவுன் பஸ் மாதிரி கத்தியது. பஸ் டிரைவராவது டபுள் கிளட்ச் அடித்துச் சமாளிப்பார்.

தப்பு என்னுடையது. இஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் மணி வடிவத்தில் ஒரு கூடு வரும், பெல்ஹவுசிங். அதன் நடுத்துளையும் இஞ்சினின் கிராங்க் மையமும் ஒரே கோட்டில் இருக்கிறதா என்று டயல் கேஜ் வைத்துப் பார்க்கவேண்டும். அன்றைக்கு அவர் பார்க்கலாம் என்றார். "புதுசுதானே, சரியாத்தான் இருக்கும்" என்று தடுத்தது நான். இருட்டிக்கொண்டு வந்தது, பசி வேறு.

மார்ச்சில் எல்லாவற்றையும் மறுபடி பிரித்து, ஃப்ளைவீலில் காந்தக் காலை ஒட்டி, கேஜின் முள்ளைத் துளையின் உள்விளிம்பில் தொடவைத்து, கிராங்கைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றினேன். லேத் பட்டறையில் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கை 'தௌ' என்பார்கள். அனுமதி ஐந்து தௌ. முள் காட்டியது பன்னிரண்டு. ஒரு தலைமுடியின் தடிமன் மூன்று நாலு தௌ இருக்கும். முழுச் சுற்றில் காட்டும் அளவு, உண்மையான விலகலைப் போல இரண்டு மடங்கு. ஆக விலகல் ஆறு தௌ. அந்த ஆறுதான் முன் தண்டை ஒவ்வொரு சுற்றிலும் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டிருந்தது.

இதற்கென்றே மையம் விலகிய பின்கள் விற்கிறார்கள், 7, 14, 21 தௌ அளவுகளில். ஏழை வாங்கினோம். இரண்டு பின்னையும் ஒரே திசைக்குத் திருப்பி வைக்கவேண்டும். எந்தத் திசை என்பதில்தான் அரை நாள் போனது. கடைசியில் முள் இரண்டில் நின்றது. கிழவர் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தானும் ஒரு சுற்று சுற்றிப் பார்த்தார். அவர் என்னை நம்பவில்லை. அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

காத்திருந்த நேரத்தில் ஷெல்பியின் மிச்சக் கதையையும் சொன்னார். 427இல் பந்தய அனுமதிக்கு நூறு கார் வேண்டும். அதிகாரிகள் வந்து எண்ணியபோது பாதியளவுதான் இருந்தன. விற்காத பந்தயக் கார்களைத் தெருவுக்கு விற்றார்கள். தெருக் கார்கள் பலவற்றில் 427க்குப் பதில் மலிவான 428 இஞ்சினை வைத்தார்கள். பிற்பாடு, 1965இன் மிச்சச் சட்டங்கள் என்று ஷெல்பி வெளியே கொண்டுவந்தவை புதிதாகச் செய்யப்பட்டவை என்று 1993ல் ஒரு லாஸ் ஏஞ்சலஸ் பத்திரிகை எழுதியது. ஆனாலும் அதே மனிதர் ஃபாக்டரி ஃபைவ்மேல் நகல் வழக்குப் போட்டார். அது சமரசத்தில் முடிந்தது. "அவரே அவர் காரை நகல் எடுத்தா ஒரிஜினல், நான் எடுத்தா டூப்ளிகேட்" என்றார் கிழவர். ஆனால் கோபமாகச் சொல்லவில்லை. 1990ல் மாற்று இதயம் பொருத்திக்கொண்டு 2012 வரை வாழ்ந்த ஆள் என்பதில் அவருக்கு ஒரு தனி மரியாதை.

ஏப்ரல் இரண்டாம் வாரம் உப்பெல்லாம் மழையில் கழுவிப் போன பிறகு வண்டியை எடுத்தோம். நான் பக்கத்து இருக்கையில். முதல், இரண்டு. முள் 5,500ஐத் தொட்டபோது அவர் இடது கால் இறங்கியது, முகம் கொஞ்சம் சுளித்தது, கை முன்னால் போனது. மூன்றாவது விழுந்தது. நெடுஞ்சாலையில் ஐந்தாவது போட்டதும் இஞ்சின் சத்தம் தணிந்து, அவர் பேசுவது முதல் தடவையாக எனக்குக் கேட்டது.

"கிளட்ச் இன்னும் கொஞ்சம் கனமா இருக்கு. அடுத்த சனிக்கிழமை வர்றியா?" என்றார்.