பெயரிடப்படாத உறவு: சைப்ரசுத் தீவின் படிப்பினை

ஓர் அரசை அரசென ஏற்காத நிலையிலும் அதனோடு பேச வேண்டிய தேவை எழுவதுண்டு. பகைமைக்கு எல்லை வகுக்கலாம். கழிவுநீர் எல்லையை மதிப்பதில்லை. இவ்வுண்மைக்குச் சைப்ரசுத் தீவு தக்க சான்றாகும்.

1963 டிசம்பரில் அங்குக் கிரேக்கருக்கும் துருக்கியருக்கும் கலவரம் மூண்டது. அதனைத் தணிக்க ஆங்கிலேயப் படைத்தலைவர் ஒருவர் தலைநகர் நிக்கோசியாவின் வரைபடத்தில் பச்சைக் கோடு வரைந்தார். 1974 இல் ஆட்சிக் கவிழ்ப்பைக் காரணங்காட்டித் துருக்கிப் படை தீவில் இறங்கிற்று. மூன்றிலொரு பகுதிக்கு மேல் அதன் வயமாயிற்று. 1983 நவம்பர் 15 அன்று வடபகுதி தன்னைத் தனிக் குடியரசென அறிவித்தது. துருக்கி மட்டுமே அதனை ஏற்றது, ஐ.நா. பாதுகாப்பு அவை அவ்வறிவிப்புச் செல்லாதென்றது.

ஏற்காதவரோடு பேசுவது எங்ஙனம்? பெயரை மாற்றியே. பேச்சுக்கு வருவோர் இரு சமூகங்களின் தலைவர்களாகவே அமர்கின்றனர். 2011 சூலையில் தெற்கின் பெரிய மின்நிலையம் வெடிவிபத்தில் சிதைந்தது. வடக்கு மின்சாரம் வழங்கிற்று. இரு அரசுகளும் கையொப்பமிட இயலாமையால், வணிகர் அவைகளின் வாயிலாகவே அவ்வேற்பாடு நடந்தது.

இவற்றுள் தலையாயது நிக்கோசியாவின் கழிவுநீர்த் திட்டமே. தெற்கின் நகரத் தலைவர் லெல்லோஸ் டெமெட்ரியாடிசும் வடக்கின் நகரத் தலைவர் முஸ்தபா அக்கின்ஜியும் 1978 இல் உடன்பாடு கண்டனர். மேலே முள்வேலி பிரிக்க, கீழே குழாய்கள் நகரை இணைத்தன. அதன் தொடர்ச்சியாகவே இருபகுதிக்கும் பொதுவான நகரமைப்புத் திட்டமும் உருவாயிற்று.

இம்முறைக்கு ஒரு விலையும் உண்டு. காணாமற்போனோர் 2,002 பேர். அவர்களைத் தேட 1981 இல் அமைந்த கூட்டுக்குழு, ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் எச்சங்களை அடையாளங்கண்டு குடும்பத்தாரிடம் ஒப்படைத்துள்ளது. ஆயின் கொன்றவர் யாரென அக்குழு கூறாது. கூறுவதாயின் இருதரப்பும் ஒருங்கே அமர்ந்திருக்கமாட்டா. எலும்பு கிடைத்த தாய்க்கு நீதி கிடைக்கவில்லை.

பெயரிடப்படாத உறவு அன்றாட வாழ்வைக் காக்கும். அடிப்படை வினாவைத் தீர்க்காது. 2004 ஏப்ரலில் நடந்த பொதுவாக்கெடுப்பில் ஒன்றிணைவுத் திட்டத்தை வடக்கில் ஏறத்தாழ 65 விழுக்காட்டினர் ஏற்றனர். தெற்கில் 76 விழுக்காட்டினர் மறுத்தனர்.

எனினும், தாய்நாட்டின் பிரிவைப் பற்றித் துருக்கியச் சைப்ரசுக் கவிஞர் நெஷே யாஷின் எழுதிய கவிதைக்குக் கிரேக்கச் சைப்ரசு இசைஞர் மாரியோஸ் டோக்காஸ் இசையமைத்தார். அரசுகளின் ஏற்புக்காகக் கவிதை காத்திருக்கவில்லை என்பது எண்ணத்தக்கது.