ஒழுக்கத்தின் பெயரால்: பியூரிட்டானியர் வரலாறு தரும் படிப்பினை

ஒழுக்கத்தால் ஒரு சமுதாயம் உயர்கின்றது என்பது சான்றோர் கண்ட உண்மை. ஆயினும், அவ்வொழுக்கத்தைக் காக்கும் கோல் யார் கையில் இருக்கின்றது, அக்கோல் யார் முதுகில் விழுகின்றது என்னும் இரு வினாக்களையும் எழுப்பாமல் எந்தச் சமுதாயத்தின் ஒழுக்கத்தையும் நாம் அளந்துவிட இயலாது. இவ்வுண்மையை விளக்கும் வரலாறு ஒன்றினை நம் இளைஞர் முன் வைக்க விழைகின்றோம்.

இங்கிலாந்துத் திருச்சபையில் பழைய சடங்குகள் நீங்கித் தூய்மை நிலவ வேண்டும் என வற்புறுத்தியவர்களே பியூரிட்டானியர் எனப்பட்டனர். தாய்நாட்டில் ஒடுக்கப்பட்ட அவர்களுள் ஒரு கூட்டத்தார், 1630ஆம் ஆண்டில் ஜான் வின்த்ரோப் தலைமையில் கடல் கடந்து, வட அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பகுதியில் பாஸ்டன் நகரை நிறுவினர். கல்வியை அவர்கள் பெரிதும் போற்றினர். 1636இல் பின்னாளில் ஹார்வர்டு எனப் பெயர் பெற்ற கல்லூரிக்கு வித்திட்டனர். ஐம்பது குடும்பங்கள் உள்ள ஊர்தோறும் ஓர் ஆசிரியர் இருத்தல் வேண்டும் என 1647இல் சட்டம் இயற்றினர்.

தாம் கடவுளோடு உடன்படிக்கை செய்துகொண்ட மக்கள் என்றும், ஒருவர் செய்யும் பாவம் அனைவர்மீதும் இறைவனின் சினத்தை வரவழைக்கும் என்றும் அவர்கள் நம்பினர். ஆகவே அண்டை வீட்டாரின் நடத்தையைக் கண்காணிப்பது ஒவ்வொருவரின் கடமையாயிற்று. ஞாயிறு வழிபாட்டுக்கு வாராதோர்க்கு அபராதம். குடித்துத் திரிந்தோர்க்குத் தொழுமரம். காமக் குற்றங்களுக்குக் கசையடி. பிறன்மனை விழைந்த குற்றத்திற்காக 1644இல் மேரி லேதம் என்னும் இளம்பெண்ணும் ஜேம்ஸ் பிரிட்டன் என்பவரும் தூக்கிலிடப்பட்டனர். பின்னர் வந்த சட்டம், அக்குற்றவாளிகள் அதனைக் குறிக்கும் எழுத்தை ஆடையில் தைத்துக்கொண்டு வாழ்நாளெல்லாம் திரிய வேண்டும் என விதித்தது. குற்றத்திற்குத் தண்டனை என்பதோடு நில்லாது, மனிதனையே குற்றத்தின் அடையாளமாக்கிய கொடுமை இது.

இத்தண்டனைகள் எல்லார்க்கும் ஒன்றாய் இருந்தனவா? 1641ஆம் ஆண்டின் உரிமைச் சாசனம் நாற்பது அடிக்கு மேல் எவரையும் அடித்தல் ஆகாது என வரம்பு கட்டியது, அது நன்று. ஆனால் அதே விதி, மிக இழிந்த குற்றம் செய்தாலன்றி, உயர்குடிப் பெருமக்களைக் கசையால் அடித்தல் கூடாது என்றும் கூறியது. அபராதம் கட்ட வல்லவன் பணத்தால் தப்பினான். ஏழை முதுகைக் காட்டினான். அதே சாசனம் போர்க் கைதிகளையும் விற்கப்பட்ட அயலாரையும் அடிமைகளாய் வைத்துக்கொள்ள இடமளித்தது. ஆளுக்கொரு தண்டனை வகுத்த நூல் நம் நாட்டிலும் இருந்தது என்பதையும், 1927 டிசம்பர் 25இல் மகாத் நகரில் அண்ணல் அம்பேத்கர் தலைமையில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது என்பதையும் நாம் அறிவோம்.

மாற்றுக் கருத்தும் அங்குப் பாவமாகவே எண்ணப்பட்டது. மனச்சான்றின் உரிமையை வலியுறுத்திய ரோஜர் வில்லியம்ஸ் 1635இல் நாடுகடத்தும் தீர்ப்புப் பெற்றார். தம் இல்லத்தில் சமயப் பொருள் விளக்கிய ஆன் ஹட்சின்சன் அம்மையார் 1637இல் அதே தீர்ப்புக்கு ஆளானார். குவேக்கர் நெறியைச் சேர்ந்த மேரி டையர் தடையை மீறித் திரும்பி வந்தமைக்காக 1660இல் தூக்கிலிடப்பட்டார். தாம் பெற விரும்பிய உரிமையைப் பிறர்க்கு மறுத்தவர்கள் அவர்கள்.

இக்கண்காணிப்பின் முடிவு, 1692இல் அப்பகுதியின் சேலம் என்னும் ஊரில் வெளிப்பட்டது. சூனியம் செய்ததாக முதலில் பிடிக்கப்பட்டோர் யாவர்? டிட்டுபா என்னும் அடிமைப்பெண். இரந்துண்ட சாரா குட். நோயினால் வழிபாட்டுக்கு வாராதிருந்த சாரா ஆஸ்பர்ன். துணையற்றோரிடம் தொடங்கிய பழி ஊரெங்கும் பரவியது. பத்தொன்பது பேர் தூக்கிலிடப்பட்டனர். முதியவர் ஜைல்ஸ் கோரி பாறைகளால் நசுக்கிக் கொல்லப்பட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டோர் உயிர் தப்ப, பொய் சொல்ல மறுத்தோர் மாண்டனர். மேரி ஈஸ்டி என்பார், தம் உயிருக்காக அன்றி, இனியும் குற்றமற்றோர் சாகலாகாது என மன்றாடி விண்ணப்பம் அளித்த பின் தூக்கேறினார். தீர்ப்பளித்த தலைமை நீதிபதி வில்லியம் ஸ்டவ்டன் ஹார்வர்டில் பயின்றவர் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

அந்நீதிபதிகளுள் ஒருவரான சாமுவேல் சீவல் மட்டும் 1697இல் தேவாலயத்தில் மக்கள் முன் எழுந்து நின்று, தம் பழியை ஏற்கும் அறிக்கையை வாசிக்கச் செய்தார். 1700இல் அடிமை முறையைக் கண்டித்து நூலும் வெளியிட்டார். 1711இல் பலருடைய தீர்ப்புகள் நீக்கப்பட்டுக் குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கப்பட்டது. எலிசபெத் ஜான்சன் என்னும் பெண்ணின் பழி துடைக்கப்பட்டதோ 2022ஆம் ஆண்டில்தான். பழி சுமத்த ஒரு நாள் போதும். அதனைத் துடைக்க முந்நூற்று முப்பது ஆண்டுகள் ஆயின.

இளைஞர்களே! கல்வி மட்டும் நீதியைத் தந்துவிடாது என்பதே இவ்வரலாறு நமக்குக் கூறும் செய்தி. கற்றவர்களே அங்குக் கசையை ஏந்தினர். சங்கம் நடத்தும்போதும், வழக்குத் தீர்க்கும்போதும், ஒருவரைக் கண்டிக்க நேரும்போதும், குற்றம் சாட்டப்பட்டவர் சொல்லைக் கேளுங்கள்; சான்று கேளுங்கள்; வலியவர்க்கும் எளியவர்க்கும் ஒரே அளவுகோலைக் கைக்கொள்ளுங்கள். அடிபட்டவர் வழிவந்த நாம் ஏந்தும் கோல், எவர் முதுகையும் தேடிச் செல்லும் கோலாக இருத்தல் ஆகாது. தவறியவர் மீண்டும் நிமிர்ந்து நிற்க ஊன்றுகோலாக அஃது அமையட்டும்.